யோம் கிப்பூர்ங்கிற பாவப் பரிகார நாள் அன்னிக்கு யூதர்கள் தண்ணி கூட குடிக்க மாட்டாங்களாமே, உண்மையா?

ஆமாங்க, உண்மைதான். யூத காலண்டர்ல திஷ்ரி மாசம் 10ஆம் நாள், நம்ம காலண்டர்ல செப்டம்பர் இல்லன்னா அக்டோபர்ல வரும், முதல் நாள் பொழுது சாயறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு மறுநாள் ராத்திரி ஷோஃபார்ங்கிற ஆட்டுக்கொம்பு ஊதற வரைக்கும் சுமார் 25 மணி நேரம் சாப்பாடு தண்ணி எதுவும் கிடையாது, குளியல் கிடையாது, தோல் செருப்பு கூட போடக்கூடாது. சின்னப் பசங்களுக்கு கட்டாயம் இல்ல. உயிருக்கு ஆபத்துன்னா நோயாளி சாப்பிட்டே ஆகணும், அதுவும் அவங்க மதச் சட்டம்தான்.

ஆனா எல்லாரும் பட்டினிய பத்தியே பேசறாங்க, எனக்கு அதவிட பெருசா தெரியறது மன்னிப்பு விஷயம். கடவுளுக்கு எதிரா செஞ்ச பாவத்துக்குத்தான் இந்த நாள் பரிகாரம், சக மனுஷனுக்கு செஞ்ச தப்புக்கு அவர சமாதானப்படுத்தற வரைக்கும் பரிகாரமே இல்லன்னு மிஷ்னாங்கிற அவங்க பழைய மதச் சட்டத் தொகுப்புல தெளிவா இருக்கு. அதனால முந்தின நாட்கள்லயே சொந்தக்காரங்க, பிரெண்ட்ஸ்னு தேடிப்போய் மன்னிப்பு கேப்பாங்க, அவர் மறுத்தா மூணு தடவை வரைக்கும் போய் கேக்கணும். எவ்ளோ நல்ல ஏற்பாடு பாருங்க!

இஸ்ரேல்ல அன்னிக்கு பென் குரியன் ஏர்போர்ட்டையே மூடிடுவாங்க, ஹைவேல கார் இல்லாம பசங்க சைக்கிள் ஓட்டுவாங்க. 1973 அக்டோபர் 6ல எகிப்தும் சிரியாவும் தாக்கினது இதே நாள்லதான், அதான் அதுக்கு யோம் கிப்பூர் போர்னு பேரு.