நான் எழுதியதை எடுத்துப் போட்டுவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நார்த்தங்காய் ஊறுகாய்க் கட்டுரையை ஒரு இணையதளம் அப்படியே போட்டிருக்கிறது. என் படத்தையும் விடவில்லை, எங்கள் வீட்டு நசுங்கிய எவர்சில்வர் தட்டுகூட அதில் தெரிகிறது. நான் எதையும் பதிவு செய்யவில்லை. நீக்கச் சொல்ல முடியுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக முடியும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய அன்றைக்கே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. இத்தனை காய், இத்தனை உப்பு என்ற அளவுகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது, ஆனால் அம்மா சொன்னதை நீங்கள் எழுதிய விதமும் அந்தப் படமும் உங்கள் உழைப்பு, கேட்காமல் எடுத்தால் திருட்டுதான்.

கோபத்தில் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், உஷாராகி அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். முதலில் முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணையப் பக்கங்களை அன்றைய நிலையிலேயே சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்திலும் அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள். போனில் இருக்கும் ஒரிஜினல் படத்தைப் பத்திரமாக வையுங்கள், எடுத்த நாளும் நேரமும் பெரும்பாலும் அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கும். அப்புறம் தளத்தாருக்கு, உங்கள் பக்கம், அவர்கள் பக்கம் இரண்டின் முகவரியையும் கொடுத்து, நீக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல். பதில் இல்லையா, தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள். அது அமெரிக்க நிறுவனம் என்றால் 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம், வக்கீல் வேண்டியதில்லை, ஆனால் அதில் பொய் சொன்னால் சட்டச் சிக்கல் வரும். கூகுளிடமும் இதற்கென்றே படிவம் இருக்கிறது. அதனால் தேடலில்தான் மறையும், பக்கம் அங்கேயே இருக்கும், அதனால் இரண்டையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.