"என்ன பூச்சி?"

கேள்வி: பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். வாராவாரம் உலக இலக்கிய வாசிப்பு வட்டம் கூடுகிறோம். மற்றவர்கள் கோட்பாடு, மொழிபெயர்ப்பு என்று வெளுத்துக்கட்டுகிறார்கள். நான் வாயே திறப்பதில்லை. ஒன்றும் தெரியாதவன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். போன வாரம் காஃப்காவின் 'உருமாற்றம்'. என்ன கதை என்று அம்மா கேட்டார். ஒருவன் பூச்சியாகிவிடுகிறான் என்றேன். "என்ன பூச்சி?" என்றார். "உனக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டேன். வட்டத்திலிருந்து விலகிவிடலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: விலகுவதை அப்புறம் பார்க்கலாம். அம்மாவிடம் சொன்னீர்களே ஒரு வரி, போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் குத்துகிறது.

வட்டத்தில் உங்களுக்கு நடந்ததாகப் புலம்புவதை அப்படியே வீட்டில் செய்திருக்கிறீர்கள். அவர்களாவது மனதுக்குள் நினைத்தார்கள். நீங்கள் பெற்றவளின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டீர்கள்.

தம்பி, கதையைப் படித்தீர்களா, பக்கத்தைப் புரட்டினீர்களா? பூச்சியாகிவிட்ட கிரெகர் பேசுவது வீட்டாருக்கு விளங்காது. அதனால் தாங்கள் பேசுவதும் அவனுக்கு விளங்காது என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அவனோ கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருப்பான். அப்பாவின் கடனை அடைக்க ஊர் ஊராக அலைந்து சம்பாதித்தவன்! அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டீர்கள்.

அவர் கேட்டது லேசான கேள்வியா என்ன? காஃப்கா ஜெர்மனில் போட்ட சொல் எந்த ஒரு பூச்சியின் பெயரும் இல்லை. ஒழித்துக்கட்ட வேண்டிய அருவருப்பான ஜந்து என்கிற மாதிரி வரும். அதைப் பூச்சி என்பதா, கரப்பான் என்பதா என்று மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1915இல் புத்தகம் வரவிருந்தபோது, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்திலிருந்துகூடக் காட்டக் கூடாது என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதியவர் காஃப்கா. அம்மா ஒரே கேள்வியில் அங்கே போய் நின்றிருக்கிறார். நீங்கள் வாயை அடைத்துவிட்டீர்கள்.

வீட்டில் சொல்ல வராத கதை சபையிலும் வராது என்பது என் கட்சி. பழைய கட்சி என்றால் சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று ராத்திரியே உட்கார்ந்து முழுக்கதையையும் சொல்லுங்கள். பூச்சியான பிறகும் ரயிலைத் தவறவிட்டோமே என்று அவன் பதறுவது, எது பிடிக்குமென்று தெரியாமல் தங்கை பல தீனிகளைப் பரப்பிவைப்பது, கடைசியில் அவளே இதைத் தொலைத்துத் தலைமுழுக வேண்டும் என்பது, எதையும் விடாதீர்கள். கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட வரக் கூடாது. அம்மா குறுக்கிடும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு போங்கள். ஆனால் அம்மாவின் கேள்வியை உங்கள் கேள்வியாக அவிழ்த்துவிடாதீர்கள். "எங்கம்மா கேட்டாங்க" என்றே ஆரம்பியுங்கள்.