பைபாஸ் முடிந்ததும் முகம் ஏன் வீங்குகிறது?

ஐசியூவில் அப்பாவின் முகமே அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷனில் இதய-நுரையீரல் இயந்திரம் (இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை உடலுக்கு வெளியே இருந்து செய்வது) ஓட்டியிருந்தால், பெரும்பாலும் அதன் வேலைதான். ரத்தத்துக்கு ரத்தக்குழாயின் உள்சுவரைத் தொட்டுத்தான் பழக்கம். அதை இந்த இயந்திரத்தின் பிளாஸ்டிக் குழாயில் ஓடவிட்டால், ஏதோ அந்நியன் நுழைந்துவிட்டதாக மிரள்கிறது. நொடிகளில் ரத்தப் புரதங்கள் குழாயின் சுவரில் ஒட்டுகின்றன. காம்ப்ளிமென்ட் எனும் தற்காப்புப் புரதங்கள் விழித்து, வெள்ளை அணுக்களை உசுப்பிவிடுகின்றன. அப்புறம் நுண்குழாய்கள் கசியும், திசுக்களில் நீர் கோக்கும். போதாததற்கு, இயந்திரத்தை நிரப்பவே ஒரு லிட்டருக்கு மேல் திரவம் ஊற்றியிருப்பார்கள்.

ஹெப்பாரின் கொடுப்பார்களே என்றால், அது ரத்தம் உறைவதைத்தான் தடுக்கும். இந்தக் கலவரத்தை அடக்காது. கடைசியில் ஹெப்பாரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமினும் காம்ப்ளிமென்டைக் கிளறிவிடும், அதுதான் வேடிக்கை! பெரும்பாலானவர்களுக்கு கோத்த நீர் சில நாட்களில் சிறுநீராக இறங்கிவிடும்.