வேலையை விட்டுவிட்டு எம்.ஏ. படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது, ஊர் கிருஷ்ணகிரி. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சேர்ந்து 4 வருடம் 4 மாதம் ஆகிறது. கைக்கு வருவது 34,000 ரூபாய், பேசிக் 18,000. வீட்டுக்கடன் தவணை 11,500. கணவருக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் 3 ஏக்கர் மாந்தோப்பு. மகள் ஒன்பதாம் வகுப்பு. டெபாசிட் 2.5 லட்சமும் 14 பவுன் நகையும் இருக்கின்றன. வயது வந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை முறையாகப் படிக்க ஆசை. வேலையை விட்டு, அடுத்த ஜூலையில் வெளியூர் ஹாஸ்டலில் தங்கி 2 வருடம் எம்.ஏ. படிக்க 4 லட்சம் ஆகும். கல்விக்கடன் வாங்கலாமா, நகையை அடகு வைக்கலாமா? அரை ஏக்கரை விற்கலாம் என்கிறார் கணவர். கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு, நெட் என்கிற உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு எழுதினால் உதவித்தொகை வரும் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: 4 லட்சம் இல்லை சகோதரி, கிட்டத்தட்ட 12.7 லட்சம். வராமல் போகும் சம்பளத்தை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. 34,000 வீதம் 24 மாதத்துக்கு 8.16 லட்சம். கம்பெனி உங்கள் பி.எஃப். கணக்கில் போடும் 12 சதவீதம் நின்றுபோவதில் இன்னும் அரை லட்சம். படித்து முடித்து உங்கள் சம்பளம் மாதம் 8,000 கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். இந்த 12.7 லட்சம் திரும்பி வர 13 வருடம் ஆகும். அப்போது உங்களுக்கு 53 வயது. இதில் வட்டியே சேரவில்லை.

கல்விக்கடனுக்கு வருவோம். 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை, ஆனால் கணவரைக் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். தவணை தவறினால் அவர் சிபில் மதிப்பெண்ணும் விழும், அடுத்த பயிர்க்கடனுக்குப் போகும்போது இடிக்கும். படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மைதான். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 10.5 சதவீதம் என்று வைத்து, முழுத்தொகையையும் முதல் நாளே எடுத்ததாகக் கொண்டால், 3 வருடத்தில் 1.26 லட்சம் ஏறிவிடும். பிறகு 7 வருடத்துக்கு மாதம் சுமார் 8,870 கட்ட வேண்டும். முதல் தவணை எப்போது வருகிறது என்று பாருங்கள். உங்கள் மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் பணம் கட்டும் அதே சமயத்தில்.

கல்விக்கடன் வட்டிக்கான வரிச்சலுகை பழைய வரிமுறையில் மட்டும். உங்கள் வருமானத்துக்கு எந்த முறையிலும் வரியே வராது. கட்டாத வரியில் என்ன மிச்சம் பிடிக்க முடியும்?

உதவித்தொகை என்றதும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது, உங்கள்மீது அல்ல, அப்படிச் சொன்னவர்மீது. நெட் தேர்வில் வயது வந்தோர் கல்வி தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000. ஆனால் அது பிஎச்.டி. ஆய்வுக்கு, எம்.ஏ.வுக்கு அல்ல. வயது வரம்பு 30, பெண்களுக்கு 35. உங்களுக்கு அந்த பஸ் போய்விட்டது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் என்றால் வயது வரம்பு கிடையாது. ஆனால் இதற்கென்று தனித்துறை உள்ள இடங்கள், சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரி, மிகச் சில.

அதற்காகப் படிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசி எங்கள் தருமபுரி, 68.5 சதவீதம். பக்கத்திலேயே உங்கள் மாவட்டம். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வகுப்புக்கு என் அம்மா போனார். அனா ஆவன்னாவில் அவருக்கு அக்கறையே இல்லை. அடகுக்கடைச் சீட்டை மடியிலிருந்து எடுத்து, ‘இதில் வட்டி எங்கே எழுதியிருக்கு, அதை முதல்ல சொல்லு’ என்று தொண்டரைக் கேட்டார். ‘வட்டி’தான் அவர் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல். தனக்கு இன்றைக்கு வேண்டியதைத்தான் பெரியவர்கள் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று வயது வந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் எழுதியதை நான் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் ஷாப் ஃப்ளோரில் மெஷின் முன்னால் நிற்கிறவர்களும் அப்படித்தானே? அவர்களை விட்டுவிட்டு அவர்களைப் பற்றிப் படிக்க ஹாஸ்டலுக்குப் போவது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வயது வந்தோர் கல்வி எம்.ஏ. தொலைநிலையில் இருக்கிறது, குறைந்தது 2 வருடம். ஜனவரி, ஜூலை என்று இரண்டு சேர்க்கை. நீங்கள் சேரும் பருவத்தில் அந்தப் படிப்புக்குச் சேர்க்கை திறந்திருக்கிறதா, படிப்பு மையம் எது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஜூனில் உங்கள் வீட்டில் மாங்காய் இறங்கும் நேரம், யாரும் படிக்க விட மாட்டார்கள். கனமான தாள்களை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,000 ரூபாய் ஆர்.டி. போட்டு வந்தால் கட்டணம், புத்தகம், போக்குவரத்து எல்லாவற்றையும் சமாளிக்கலாம். படிக்கக் கம்பெனி பஸ்ஸில் போகவர ஆகும் நேரம் வேறு இருக்கிறது.

இல்லை, வகுப்பில் உட்கார்ந்துதான் படிப்பேன் என்றால் ஒரு 8 மாதம் பொறுங்கள். 5 வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி. உங்கள் பேசிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 51,900 ரூபாய். அடுத்த ஜூலைக்கு அவசரப்பட்டு முன்பே விட்டால் அது கைக்கு வராமல் போகலாம். ராஜினாமாவுக்கு முன் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். எச்.ஆரிடம் வாய்வார்த்தையாக அல்ல, திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுத்தில். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும், பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். டெபாசிட் 2.5 லட்சம் 24 மாத வீட்டுத் தவணைக்குக்கூடக் காணாது, 26,000 துண்டு விழுகிறது.

நகை வேண்டாம். வருடம் முடிந்ததும் அசலும் வட்டியுமாகக் கேட்பார்கள், அப்போது உங்களுக்குச் சம்பளம் இருக்காது. பெங்களூரா மாங்காய் விலை சரிந்த வருடம் தோப்பு வருமானம் என்ன ஆகும் என்று உங்கள் கணவருக்கே தெரியும். அரை ஏக்கரை விற்கலாம் என்று அவர் சொன்னது பெரிய மனசு. ஆனால் வாங்க வருகிறவர் ரோட்டை ஒட்டிய, போர்வெல் இருக்கிற பக்கத்தைத்தான் கேட்பார். மீதி இரண்டரை ஏக்கருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கணவரிடம் கேட்டுப் பாருங்கள்.