'தே கியெரோ' என்றால் காதலா?

கேள்வி: ஸ்பெயின் நாட்டுத் தோழி ஒருத்தி செய்தியின் முடிவில் 'தே கியெரோ முச்சோ' என்று எழுதுகிறாள். இதைக் காதல் என்று எடுத்துக்கொள்ளலாமா? நான் என்ன பதில் எழுதுவது?

பதில்: அவசரப்படாதீர்கள். 'தே கியெரோ', அதாவது 'உன்மேல் எனக்கு அன்பு', அம்மா, தம்பி, நண்பர், காதலர் என எல்லோருக்கும் பொருந்தும். 'மிகவும்' என்னும் 'முச்சோ' சேர்ந்தால் பெரும்பாலும் நட்பின் பக்கமே சாயும். 'பெஸோஸ்', அதாவது முத்தங்கள், என்று முடிப்பதும் அங்கே தோழிகளுக்குள் சகஜம்தான். 'ஈ யோ அ தி', 'நானும் உன்னை' என்று எழுதுங்கள். அழகான பதில் அது.

'தே ஆமோ', அதாவது 'உன்னைக் காதலிக்கிறேன்', கனமான சொல். மெக்சிகோவில் காதலர்கள் இயல்பாகச் சொல்வார்கள். ஸ்பெயினில் பழகிய புதிதில் சொன்னால் எதிராளி திகைத்துவிடுவார்.

மனதில் ஆசை இருந்தால் 'மே குஸ்தாஸ்' என்று தொடங்குவதே நல்லது. தமிழில் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்கிறோமே, அங்கும் 'எனக்கு' என்றுதான் ஆரம்பம். ஆனால் வினை 'நீ'யைப் பின்பற்றும்; கடைசி 'ஸ்' அதற்குத்தான். அதை விட்டுவிட்டு 'தே குஸ்தோ' என்றால் 'உனக்கு என்னைப் பிடிக்கும்' என்று தலைகீழாகிவிடும். ஆசை முற்றியபின் ஆண் 'எஸ்தொய் எனமொராதோ தே தி', அதாவது 'உன்மேல் காதல் கொண்டிருக்கிறேன்', என்பார், பெண் 'எனமொராதா' என்பார். நடுவில் வரும் 'தே'க்குப் பதில் 'கொன்' போடுவது புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

செல்லமாக அழைக்க 'மி அமோர்' (என் அன்பே), 'கரீன்யோ' (செல்லமே) இரண்டும் இருபாலருக்கும் மாறாமல் பொருந்தும்.