படக்கதை ஓவியராக விரும்பும் மகள்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த கையோடு படக்கதை ஓவியராகத்தான் ஆவேன் என்று உங்கள் மகள் உறுதியாக நிற்பதையும், அந்தத் தொழில் கடைசிவரை சோறு போடுமா என்ற கவலையில் நீங்கள் உறக்கம் இழந்திருப்பதையும் கடிதத்தில் படித்தேன். பொதுப்படையாக ஆறுதல் சொல்வதைவிட, இதே தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்த டான் லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஓவியரின் வாழ்க்கையைச் சொல்வதே உங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

லாரன்ஸ் 1928 நவம்பரில் லண்டனின் ஈஸ்ட் ஷீன் பகுதியில் பிறந்தவர். ராணுவப் பணிக்குப் பின் பரோ பாலிடெக்னிக்கில் ஓவியம் பயின்ற அவர், இறுதித் தேர்வில் தோற்றுப் போனார். மகளின் மதிப்பெண்களைப் பற்றி நீங்கள் வருந்தி எழுதியிருந்ததால் இதை முதலில் குறிப்பிடுகிறேன். அதன் பிறகு மிக் ஆங்லோ நடத்திய ஓவியக்கூடத்தில் சேர்ந்து, மார்வெல்மேன் என்ற சாகச நாயகனின் கதைகளைச் சில ஆண்டுகள் வரைந்தார். கைப்பழக்கமும், குறித்த நாளில் பக்கத்தை முடித்துக் கொடுக்கும் ஒழுங்கும் இத்தகைய வேலையில்தான் படியும் என்பது என் கருத்து. அடுத்து லயன் வார இதழில் கார்ல் என்ற வைக்கிங் (பழைய வட ஐரோப்பியக் கடலோடி) வீரனின் கதையை வரைந்தார்.

அவருடைய பெரும்படைப்பு 1965-இல் ரேஞ்சர் இதழில் தொடங்கியது. மைக் பட்டர்வொர்த் எழுதிய ‘ட்ரைகன் பேரரசு’ என்ற அந்தத் தொடர், மறு ஆண்டே ‘லுக் அண்ட் லேர்ன்’ என்ற சிறுவர் கல்வி இதழுக்கு மாறியது. எலெக்டன் என்னும் கற்பனைக் கோளில், ரோமானியப் பேரரசின் சாயலில் எழும் ஒரு நாட்டின் கதை அது. தூண்கள் நிறைந்த அரண்மனைகளும், அங்கி அணிந்த அரசர்களும், வானில் பாயும் ஊர்திகளும் ஒரே கட்டத்துக்குள் இயல்பாகப் பொருந்த வேண்டும். அதுவும் வாரத்துக்கு இரண்டு பக்கங்கள், முழுவதும் தூரிகையால் தீட்டிய வண்ணத்தில். உடற்கூறும், கட்டடக் கலையும், துணி மடிப்பில் ஒளி விழும் விதமும் கைவசப்படாத ஒருவரால் அந்த வேகத்தில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அவர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அதைச் செய்தார். உங்கள் மகளிடம் அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள். இந்தத் தொழில் எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பதை அவை என்னைவிடத் தெளிவாகச் சொல்லும்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. 1976-இல் லண்டனில் நடந்த படக்கதை மாநாடு ஒன்றில், தம்முடைய தொடர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் மறுபதிப்பாகி விற்பனையாவதை லாரன்ஸ் அறிந்தார். அந்த விற்பனையிலிருந்து அவருக்குப் பங்கு எதுவும் வரவில்லை, ஏனெனில் உரிமை பதிப்பகத்திடம் இருந்தது. கூடுதல் ஊதியம் கேட்டும் கிடைக்காததால் அவர் அந்தத் தொடரை விட்டு விலகினார். அவரிடம் திறமைக்கோ உழைப்புக்கோ குறைவில்லை. ஒப்பந்தம் அவர் பக்கம் இல்லாததே இழப்புக்குக் காரணம்.

பின்னர் நெதர்லாந்துப் பதிப்பகம் ஒன்று அவரை அழைக்க, ‘ஸ்டார்ம்’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரை வரைந்து, சொந்த நாட்டைவிட அங்கேயே பெரும்புகழ் பெற்றார். முதுமையில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தும் வரைவதை அவர் விட்டுவிடவில்லை. 2003 டிசம்பரில் அவர் காலமானார். அவரிடம் உதவியாளராக இருந்து பயின்ற லியம் ஷார்ப், பிற்காலத்தில் அமெரிக்காவின் டிசி படக்கதை நிறுவனத்துக்கு வொண்டர் வுமன் என்ற சாகச நாயகியின் கதைகளை வரைந்தார். கல்லூரிப் படிப்போடு, தொழில் தெரிந்த ஓர் ஓவியரின் பக்கத்தில் அமர்ந்து கற்கும் வாய்ப்பையும் உங்கள் மகள் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் அவள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். கூடவே, நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை நீங்கள் இருவரும் சேர்ந்து படியுங்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது கையொப்பமிட்ட எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்றும், காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அது சொல்கிறது. எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு, மறுபதிப்பானால் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதப்படாத தாளில் அவள் ஒருபோதும் கையெழுத்திடக் கூடாது.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது, அவள் தொடங்கிப் பாதியில் விட்ட படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, முழுமையாக முடித்த ஆறு பக்கக் கதை ஒன்றை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள். அதை முடிக்க எத்தனை நாள் ஆனது என்பதையும் குறித்து வரட்டும். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.