அம்மப்பாவின் மூளையும் மகளின் கேள்வியும்

உயர்தரப் பரீட்சையில் மகளின் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்திய புள்ளி) இரண்டாம் முறையும் மருத்துவபீட வெட்டுப்புள்ளியைத் தொடாததால், காணியை ஈடு வைத்தாவது வெளிநாட்டில் மருத்துவம் படிப்பிக்கும்படி இலண்டனிலுள்ள மாமா நெருக்குவதாகக் கண்கலங்கச் சொன்னீர்கள், அம்மா. உங்கள் கவலை விளங்குகிறது. மாமாவின் யோசனையை நான் ஏற்கவில்லை. அவர் தருவதாகச் சொல்வது முதலாண்டுக் கட்டணம் மட்டுமே. எஞ்சிய ஆண்டுகளை உங்கள் காணிதான் சுமக்க வேண்டும். பட்டத்துடன் திரும்பிய பின்னரும் இலங்கை மருத்துவ சபையின் பதிவுத் தேர்வில் அவள் சித்தியடைய வேண்டும்.

நீங்கள் தொலைபேசியுடன் வெளியே போனபோது மகள் என்னிடம் கேட்டது வேறு. பாரிசவாதம் வந்த அம்மப்பாவுக்கு அடைபட்ட குருதியோட்டம் திரும்பிய பிறகும் மூளையில் சேதம் தொடர்ந்தது ஏன் என்றாள். உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமேயான மூளை, உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. ஒட்சிசன் வருவது நின்றால் சில நிமிடங்களிலேயே கலங்களின் சக்தி தீர்ந்து, உள்ளே கல்சியம் பெருகுகிறது. ஒட்சிசன் திரும்பும்போது, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் பழுதடைந்திருப்பதால், அவையும் சில நொதியங்களும் அதில் ஒரு பகுதியைச் சுப்பரொட்சைட்டு என்னும் தாக்குதிறன் மிக்க வடிவமாக மாற்றுகின்றன. அதன் வழியே பிறக்கும் மூலிகங்கள் என்னும் தாக்குதிறன் மிக்க துணிக்கைகள், மூளையில் செறிந்துள்ள நிரம்பாத கொழுப்பமிலங்களை ஒட்சியேற்றிச் சிதைக்கின்றன. அச்சிதைவில் எஞ்சும் மலொன்டைஅல்டிகைட்டு என்னும் விளைபொருளைத் தயோபாபிற்றூரிக் அமிலம் என்னும் சோதனைப்பொருளுடன் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அந்நிறத்தின் செறிவை 532 நனோமீற்றர் அலைநீள ஒளியில் அளக்கலாம் என்று நான் சொன்னதும் அவள் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினாள். வாட்டில் நின்று நோயாளரைப் பார்ப்பது தனக்கு ஒத்துவராது என்றும் சொன்னாள். இது மாமாவுக்குத் தெரியுமோ என்னவோ!

ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டத்தைக் கவனியுங்கள். நான்கு ஆண்டுகளில் உயிரிரசாயனம், குருதியியல், நுண்ணுயிரியல், இழையநோயியல் எல்லாவற்றையும் கையால் செய்து படிப்பாள். இறுதியாண்டில் சொந்தமாக ஓர் ஆய்வும் செய்வாள். மேற்சொன்ன நிறச்சோதனை அன்றாட ஆஸ்பத்திரி வேலையல்ல, ஆய்வாளர் கையாள்வது. ஆனால் அதற்கு வேண்டிய கைப்பழக்கம் இங்கேதான் கிடைக்கும். அரச பல்கலைக்கழகமாதலால் கல்விக் கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே போய்வரலாம். "இரத்தம் குத்துற வேலையா?" என்று சித்தி கேட்கக்கூடும். ஆய்வுகூட அறிக்கை வராமல் வைத்தியரே பல வேளைகளில் மருந்து எழுதுவதில்லை என்று சொல்லுங்கள்.

இதற்கும் போட்டி உண்டு. எனவே விண்ணப்பத்தில் விருப்பத் தெரிவுகளின் வரிசையை மகளே எழுதட்டும். மாமாவிடம் அதன் பிறகு பேசலாம். காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.